சாக்கடையை நிறுத்தினால் ஊட்டி ஏரி தெளிந்துவிடுமா? அடிச்சேறு செய்யும் வேலை பற்றி ஒரு விரிவான பதில்

ஊட்டியில் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "கழிமுகங்களில் அடிச்சேறு தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அமோனியாவையும் பாஸ்பேட்டையும் வெளியே விடும் என்று பாடத்தில் வருகிறது. உதாரணம் எல்லாமே கடலோரம். எங்கள் ஊர் ஏரிக்கும் இது பொருந்துமா? கோடப்பமந்து கால்வாயில் வரும் சாக்கடையை முழுசாக நிறுத்திவிட்டால் ஏரி தெளிந்துவிடுமா, இல்லை சேற்றையும் அள்ள வேண்டுமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். பொருந்தும், ஆனால் அப்படியே பொருந்தாது. உப்பு இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். சாக்கடையை நிறுத்துவதுதான் முதல் வேலை, அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் நிறுத்திய அடுத்த வருஷமே ஏரி பளிச்சென்று ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இத்தனை வருஷமாக உள்ளே போனதெல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டேதான் இருக்கும்.

நான் தண்ணீர் பரிசோதனை வேலையில் முதலில் கடலூர்ப் பக்கக் கழிமுகங்களிலும் அப்புறம் மலையிலும் இருந்தவன். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சேறு எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு அக்ரிலிக் குழாயை, கை மணிக்கட்டு கனத்தில் இருந்தால் போதும், நேராகச் சேற்றில் இறக்கி, மேல்வாயை ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு மெதுவாக இழுத்தால் சேறும் அதன் மேலுள்ள தண்ணீரும் கலையாமல் வரும். கீழ்வாயையும் தண்ணீருக்கு உள்ளேயே அடைத்துவிட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரளவு நல்ல இடமாக இருந்தால் சேற்றின் தலையில், பால் மேல் படியும் ஆடை மாதிரி, சில மில்லிமீட்டர் கனத்துக்குத் துருப்பிடித்த பழுப்பு நிறம் தெரியும். அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கருப்பு. சாக்கடை நேராக வந்து விழுகிற முனையில் எடுத்தால் அந்தப் பழுப்பே இருக்காது. தண்ணீர் தொடுகிற இடத்திலிருந்தே கருப்பு, கார்க்கைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், குழாயைத் தட்டினால் குமிழி கிளம்பும். பழுப்பு இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதி எல்லாம் அது ஏன் இருக்கிறது, போனால் என்ன ஆகும் என்பதுதான்.

அந்தப் பழுப்பு ஏன் இவ்வளவு மெல்லியது? ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவும். கலக்காமல் நிற்கும் தண்ணீரில் 1 மில்லிமீட்டர் தூரம் பரவ நாலைந்து நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டர் என்றால் 7 மணி நேரம். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு மாதம். சேற்றின் துளைகளுக்குள் இருக்கும் தண்ணீர் கலங்காது, அதற்கு மேலேயும் மில்லிமீட்டர் அளவில் அசையாத ஒரு நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இத்தனையும் தாண்டி உள்ளே வரும் ஆக்சிஜனை பாக்டீரியாக்கள் முதல் சில மில்லிமீட்டரிலேயே தின்று தீர்த்துவிடுகின்றன. கழிமுகச் சேற்றிலும் இதே கதைதான்.

ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதே என்று கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் சும்மா இருக்காது. செத்த பாசி, மலம், இலைதழை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது, அதை எரிக்க வேறு எதையாவது பிடிக்கும். முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, அப்புறம் இரும்பு ஆக்சைடு, அதன் பின் சல்பேட், எதுவும் இல்லாவிட்டால் கடைசியில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் படி. எது அதிக சக்தி கொடுக்குமோ அது முதலில் தீரும். இந்த வரிசை எல்லா ஊர்ச் சேற்றுக்கும் ஒன்றுதான், எந்தப் படி எவ்வளவு நீளம் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இப்போது பாஸ்பரஸ். அந்தப் பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடு. அது பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து கரைந்து மேலே வரும் பாஸ்பேட் இந்த அடுக்கைத் தாண்டி ஏரித் தண்ணீருக்குள் போக முடியாது, வழியிலேயே மாட்டிக்கொள்ளும். மேலுள்ள தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது, பிடியில் இருந்த பாஸ்பேட் மொத்தமாக அவிழ்ந்து மேலே போகிறது. கிளிஃபோர்ட் மார்ட்டிமர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வேலை செய்து 1941, 1942-ல் வெளியிட்ட கட்டுரைகள்தான் இதை முதலில் தெளிவாகக் காட்டியவை. அதன் பிறகு நிறைய திருத்தங்கள் வந்திருக்கின்றன, ஆனால் அடிப்படை இன்னும் நிற்கிறது.

ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊட்டி ஏரியின் ஆழமில்லாத பகுதிகளுக்கு அது முக்கியம். பாசி அடர்த்தியாக இருக்கும் தண்ணீரில் மத்தியான வெயிலில் ஒளிச்சேர்க்கை நடந்து கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படும்போது பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 9-ஐத் தாண்டிப் போகும். அந்த அளவில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் இரும்பின் பிடி தளர்ந்துவிடும். அதாவது பாசி தனக்கு வேண்டிய உரத்தைத் தானே சேற்றிலிருந்து அவிழ்த்துக்கொள்கிறது. "மேலே ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் பச்சை?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

நைட்ரஜன் விஷயம் இன்னும் சுவாரசியமானது, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். சேற்றில் மக்கும் பொருளிலிருந்து முதலில் வருவது அமோனியா. அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல: 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன். அப்படி உருவான நைட்ரேட் சில மில்லிமீட்டர் கீழே இறங்கி ஆக்சிஜன் இல்லாத அடுக்குக்குப் போனால் அங்கே வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். காற்றில் 78 சதவீதம் அதுதான், போனால் போகட்டும். ஆக, ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கும் இல்லாத அடுக்கும் அடுத்தடுத்து இருக்கும்போதுதான் சேறு நைட்ரஜனை ஊரை விட்டு அனுப்புகிறது. மேலடுக்கும் செத்துவிட்டால் முதல் படியே நடக்காது, அமோனியா அமோனியாவாகவே தண்ணீருக்குள் வரும். உயிருள்ள சேறு இலவசமாகச் செய்துகொண்டிருந்த சுத்திகரிப்பு வேலை நின்றுபோகிறது, அதே நாளில் பாஸ்பேட்டும் அவிழ்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு அடி.

புழுக்களையும் மறக்க வேண்டாம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்கும் ரத்தப்புழு இருக்கிறதே, கொசு மாதிரி ஒரு பூச்சியின் இளம்பருவம், அது ஏரிச் சேற்றில் வளை தோண்டி உடம்பை ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த வளைச் சுவரைச் சுற்றியும் பழுப்பு அடுக்கு உருவாகும். கழிமுகத்தில் இதே வேலையைக் கடல் புழுக்களும் நண்டுகளும் இன்னும் பெரிய அளவில் செய்கின்றன. சேறு முழுக்கக் கருத்துப்போன இடத்தில் இவையும் இருக்காது.

சரி, உப்புக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. மலை ஓடைத் தண்ணீரில் அது மிகக் குறைவு, சாக்கடை கலந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதனால் பிச்சாவரத்திலோ எண்ணூரிலோ சேற்றுக்குள் சல்பேட் படி மிக நீளமாக இருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு ஏராளமாக வரும், அது இரும்பைப் பிடித்துக் கருப்பு இரும்பு சல்பைடாக்கிப் பூட்டிவிடும். அதன் பிறகு ஆக்சிஜன் திரும்பி வந்தாலும் பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கும். கடலோரச் சேறு பாஸ்பரஸைக் கையில் வைத்திருக்கத் தெரியாதது இதனால்தான். கடலோரத் தண்ணீரில் பாசிக்குப் பெரும்பாலும் நைட்ரஜன் தட்டுப்பாடும், நன்னீர் ஏரிகளில் பாஸ்பரஸ் தட்டுப்பாடும் இருப்பதற்கான காரணங்களில் இது ஒன்று.

மலை ஏரியில் அப்படி இல்லை. சல்பேட் சீக்கிரம் தீர்ந்து மீத்தேன் படிக்குப் போய்விடும் (துடுப்பு சேற்றைக் கிளறும்போது அடியிலிருந்து கிளம்பும் குமிழிகளில் பெரும்பகுதி அதுதான்). இரும்பு கரைந்து மேலே வந்தாலும் ஆக்சிஜன் திரும்பக் கிடைத்தால் மறுபடி துருவாகி, பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். அதுவும் நீலகிரி மண் இரும்பும் அலுமினியமும் நிறைந்த செம்மண். அலுமினியம் பிடித்த பாஸ்பேட்டை ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அவ்வளவு எளிதில் விடாது. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் போடும் உரத்தின் பாஸ்பரஸ் இந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மழையில் மண் அரித்து வரும்போது அப்படியே ஏரிக்குள் இறங்கிவிடுகிறது. சாக்கடைக் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வழி கண்ணில் படாது.

அடுத்தது அடுக்கு பிரிவது. கழிமுகத்தில் கனமான உப்புத் தண்ணீர் அடியிலும் ஆற்றுத் தண்ணீர் மேலேயும் தனித்தனியாக நிற்கும்; இரண்டுக்கும் லிட்டருக்கு 25 கிராம் வரை எடை வித்தியாசம் இருக்கலாம். ஏரியில் இந்தப் பிரிவு வெப்பத்தால் வருகிறது. 15 டிகிரி தண்ணீருக்கும் 20 டிகிரி தண்ணீருக்கும் லிட்டருக்கு 1 கிராம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் மலை ஏரியில் பிரிவு மெலிதானது, ஒரு நல்ல காற்று அடித்தாலே கலைந்துவிடும். ஜூன், ஜூலை தென்மேற்குக் காற்று, டிசம்பர் ஜனவரி உறைபனி இரவுகள் இரண்டும் ஏரிக்கு நல்லது. பனி இரவில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடித்தண்ணீர் மேலே வரும், சேற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். கழிமுகத்துக்கு ஓதம் தினமும் வந்து போகும் வசதி உண்டு, ஆனால் அடையாறு போன்ற இடங்களில் மணல் திட்டு முகத்தை அடைத்துவிட்டால் அதுவும் ஓர் உப்பு ஏரிதான்.

மலை ஏரியின் கஷ்டகாலம் மார்ச் முதல் மே வரை. வெயில் உறைக்கும், காற்று குறைவு, ஓடைகளில் வரத்து இல்லை. சரியாக அப்போதுதான் சீசன். லாட்ஜுகள் நிரம்பி ஊரின் சாக்கடை உச்சத்துக்குப் போகிற மாதங்களும் ஏரி மூச்சுத் திணறுகிற மாதங்களும் ஒன்றாக இருப்பது நம் ஊரின் துரதிர்ஷ்டம். ஆண்டு சராசரி எண்ணை வைத்துக்கொண்டு ஏரி பரவாயில்லை என்று சொல்கிற அறிக்கைகள் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

"மலையில் தண்ணீர் குளிராயிற்றே, ஆக்சிஜன் அதிகம் கரையுமே" என்று ஒரு நம்பிக்கை உண்டு. கடல்மட்டத்தில் 15 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 10.1 மில்லிகிராம் கரையும், சரி. ஆனால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத அதே காரணத்தால் ஆக்சிஜனும் 7.7 மில்லிகிராம்தான் கரையும். கடலோரப் பரங்கிப்பேட்டையில் 28 டிகிரியில் நிற்கும் நன்னீரில் 7.8. குளிரால் கிடைக்கும் லாபம் உயரத்தில் போய்விடுகிறது. ஒரே ஆறுதல், குளிரில் பாக்டீரியாக்களும் மெதுவாகத் தின்னும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் ஆழத் தண்ணீரில் லிட்டருக்கு 7.7 மில்லிகிராம் என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் மொத்தம் 23 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. சேறு ஒரு நாளைக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிராம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கடை விழும் சேற்றுக்கு இது மிகையான எண் இல்லை. முழு நீரும் கலந்துகொண்டே இருந்தால், மேலே காற்றிலிருந்து வருவதையும் சேர்த்தால், சமாளித்துவிடும். ஆனால் அடி 1 மீட்டர் மட்டும் பிரிந்து நின்றுவிட்டால் கையிருப்பு 7.7 கிராம்தான். 5 நாளில் காலி. ஏப்ரலில் காற்றில்லாத ஒரு வாரம் வருவது அபூர்வமா என்ன?

இன்னொரு எண்ணும் சொல்கிறேன். பாசியின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் தோராயமாக 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும். இதை வைத்துக் கணக்கிட்டால், 1 கிராம் பாஸ்பரஸால் வளர்கிற பாசி செத்து முழுதாக மக்குவதற்கு சுமார் 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சேறு 1 கிராம் பாஸ்பரஸை விட்டால் அது பாசியாகி, செத்து, அதே சேற்றின் தலையில் விழுந்து 140 கிராம் ஆக்சிஜனைக் கேட்கும். ஆக்சிஜன் போனால் இன்னும் பாஸ்பரஸ் அவிழும். இந்தச் சுழல் ஒருமுறை பிடித்துவிட்டால் வெளியிலிருந்து சாக்கடையே வரவேண்டிய அவசியம்கூட இல்லை.

இது வெறும் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. சுவீடனில் டிரம்மன் என்று ஒரு ஆழமில்லாத ஏரி. நகரத்துச் சாக்கடையை 1950-களின் கடைசியிலேயே திருப்பிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்தும் ஏரி பச்சையாகவே கிடந்தது. கடைசியில் 1970, 1971 இரண்டு வருஷமும் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தெளிந்தது. எதிர்ப்பக்க உதாரணம் அமெரிக்காவில் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரி. 1960-களில் சாக்கடையைத் திருப்பினார்கள், சில வருஷத்திலேயே தெளிந்துவிட்டது. அது மிக ஆழமான ஏரி, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் கையிருப்பு அதிகம், சாக்கடை போன காலமும் குறைவு. ஊட்டி ஏரி எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே வேண்டாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி ஓடைகளை மறித்துக் கட்டியது அது. மேல்பகுதி தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸுமாகி, மீதி இருப்பதுதான் இன்றைய ஏரி. ஊரின் நடுவில், ஊரின் பள்ளத்தில், ஆழமில்லாமல்.

கழிமுகத்திலும் ஒரு உதாரணம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பீல்-ஹார்வி கழிமுகத்தில் விவசாய உரம் வந்து சேற்றில் சேர்ந்து, அடித்தண்ணீர் ஆக்சிஜன் இழக்கும்போதெல்லாம் பாஸ்பேட் வெளியேறி, நச்சுப் பாசி வருஷாவருஷம் பூத்தது. 1994-ல் டாஸ்வில் என்ற இடத்தில் கடலுக்குப் புதுக் கால்வாய் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டார்கள். கழிமுகத்தின் உள்ளே அந்தப் பாசித் தொல்லை பெருமளவு அடங்கியது. ஆனால் அந்த வழி நமக்குக் கிடையாது. ஊட்டிக்குக் கடலைக் கொண்டுவர முடியாது.

நம்மால் முடிந்தது என்ன?

சாக்கடை, மண் அரிப்பு இரண்டையும் தடுப்பது முதலில். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பெருக்குவதில் அர்த்தமில்லை. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, சீசன் மாதங்களில் வரும் அளவை அது தாங்குகிறதா, பாஸ்பரஸை எடுக்கிறதா என்று கேட்க வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு நாற்றத்தையும் கலங்கலையும் எடுத்துவிடும், பாஸ்பரஸில் பெரும்பகுதியை விட்டுவிடும். தெளிவாக வெளியே வருகிற தண்ணீர் பாசிக்கு நல்ல உரம்.

தூர்வாருவது. செய்யலாம், ஆனால் எப்படி என்பதுதான் கேள்வி. பொக்லைன் இறக்கிக் கிளறினால் துளைநீரில் இருக்கும் அமோனியாவும் பாஸ்பேட்டும் சல்பைடும் ஒரே நாளில் தண்ணீருக்கு வந்து, மீன் செத்து மிதக்கும். மேலடுக்கை உறிஞ்சி எடுக்க வேண்டும், எடுத்த சேற்றின் தண்ணீரைத் திரும்ப ஏரிக்குள் விடுமுன் பாஸ்பேட்டைப் பிரிக்க வேண்டும், சேற்றைக் கரையிலேயே குவித்து அடுத்த மழையில் உள்ளே போக விடக்கூடாது. கனமீட்டர் கணக்கில் காண்டிராக்ட் கொடுத்தால் ஆழத்தில் இருக்கும் பழைய களிமண்ணும் சேர்ந்து அள்ளப்படும், பில் பெருகும், பிரச்சினை இருக்கும் மேல்சேறு ஓரங்களில் அப்படியே கிடக்கும். எங்கே எவ்வளவு ஆழம் வரை பாஸ்பரஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அள்ள வேண்டும்.

கொடைக்கானல் ஏரியைப் பற்றி யாராவது இதே யோசனை சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அங்கே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது 2001-ல். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டையும் இரும்பையும் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள்தான் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, மீன் வழியாக ஏறி வருவது அந்த வடிவம். பாஸ்பரஸுக்கும் பாதரசத்துக்கும் ஒரே மருந்து, சேற்றின் தலையில் ஆக்சிஜன் இருப்பது. சோதிக்காமல் கிளறுவது இரண்டுக்கும் விஷம்.

நீரூற்று வைப்பது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மேல்தண்ணீரை எடுத்து மேலேயே தெளிப்பதால் அடிக்கு ஒன்றும் போகாது. அடியில் குழாய் போட்டு நுண்குமிழியாகக் காற்றை விடுவது வேலை செய்யும், ஆனால் மார்ச் முதல் மே வரை ராத்திரி பகலாக ஓட வேண்டும், மின்சாரம் நின்ற வாரமே பழைய நிலை திரும்பிவிடும். மோட்டார் படகுகள் ஆழமில்லாத பக்கம் சேற்றைக் கிளறுவதை ஆக்சிஜன் கொடுப்பது என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. பெடல் படகு போதும் அங்கே.

ஆகாயத்தாமரை அகற்றுவது நல்ல வேலை, ஒரு நிபந்தனையோடு: எடுத்ததை அன்றே லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். கரையில் போட்டு அழுகவிட்டால் அதன் சாறு திரும்ப ஏரிக்கே போகும். மருந்தடித்து மூழ்கடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். மொத்தமும் சேற்றின் மேல் விழுந்து ஆக்சிஜனைக் கேட்கும்.

படிகாரம், லாந்தனம் கலந்த களிமண் போன்றவற்றைத் தூவி பாஸ்பேட்டைப் பூட்டும் முறைகள் வெளிநாடுகளில் நன்றாகவே நடக்கின்றன. உள்ளே வருவது நின்ற பிறகு செய்தால் பலன் உண்டு. இப்போது தூவினால் அடுத்த வருஷத்துச் சேறு அதை மூடிவிடும். பணம் தண்ணீரில்.

படிப்புக்காகக் கேட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன், ப்ராஜெக்டுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறை 1888-ல் வந்தது, இன்றும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டுக் குலுக்கியதும், மேல்தண்ணீர் பாட்டிலில் டீ நிறத்தில் வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் தீர்ந்த அடித்தண்ணீர் பாட்டிலில் அது வெள்ளையாகவே நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கவுன்சிலருக்கும் புரியும், தைட்ரேஷன்கூட வேண்டாம். சாக்கடை கலந்த தண்ணீரில் நைட்ரைட் இருக்கும், அது கணக்கைக் கெடுக்கும் என்பதால் அசைடு சேர்த்த முறையைப் பயன்படுத்துங்கள், ஆனால் அசைடு கொடிய விஷம், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த அக்ரிலிக் குழாய்கள். நாலு குழாய்களில் சேறும் நீருமாக எடுத்து இருட்டில், ஏரியின் வெப்பநிலையில் வையுங்கள். இரண்டில் மீன் தொட்டிக் காற்று மோட்டாரால் மெதுவாக, சேறு கலங்காமல் குமிழி விடுங்கள். மற்ற இரண்டையும் இடைவெளி இல்லாமல் மூடிவிடுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வடிகட்டி பாஸ்பேட்டும் அமோனியாவும் பாருங்கள், எடுத்த அளவுக்கு ஏரித் தண்ணீரை விட்டு நிரப்பி அதையும் கணக்கில் கழியுங்கள். சேறு இல்லாமல் ஏரித் தண்ணீர் மட்டும் உள்ள ஒரு குழாயும் கூடவே இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே நடந்த மாற்றத்தைச் சேற்றின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். குழாயின் பரப்பும் நீரின் கனஅளவும் தெரிந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

கால்வாய் முனை, படகுத்துறை, அணைக்கரை ஓரம் என்று மூன்று இடத்திலாவது எடுங்கள். ஏப்ரலில் ஒரு தடவை, டிசம்பர் கடைசியில் ஒரு தடவை. ஆக்சிஜன் மாதிரியை மத்தியானம் எடுத்தால் பாசி போட்ட ஆக்சிஜன்தான் தெரியும், ஏரி ஆரோக்கியமாக இருப்பதாகத் தோன்றும். விடியும் முன் எடுக்க அனுமதி கேளுங்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள், பாட்டிலை அடியிலிருந்து நிரப்பி வழியவிட்டு மூடுங்கள், ஒரு குமிழிகூட உள்ளே இருக்கக்கூடாது.